வாளுக்கு முன் ஒரு சொல்

சதுரங்கத்தில் ஒரு காய் வெட்டப்பட்டால் அது பலகையை விட்டு வெளியேறுகிறது. அடுத்த ஆட்டம் தொடங்கும்போது அதே காய் மீண்டும் தன் கட்டத்தில் வந்து நிற்கிறது. அதற்காக யாரும் வருந்துவதில்லை. ஆனால், அந்தக் காய்க்கு ஒரு பெயரும் முகமும் கதையும் இருந்து, வெட்டுப்பட்டபின் அது திரும்பி வராமலே போனால் என்ன ஆகும்? அப்போது ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஆட்டக்காரர் ஒரு கணம் நின்று சிந்திப்பார்.

அவ்வாறு சிந்திக்க வைக்கும் காணொளி விளையாட்டுகளுள் ஒன்று ‘ஃபயர் எம்பிளம்’. ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டின் முதல் பதிப்பு, 1990ஆம் ஆண்டு நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்காக வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு அதே கதை, நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காகப் புதுப்பிக்கப்பட்டது. கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட வரைபடத்தில் ஆட்டக்காரர் தம் படையினரை நகர்த்துவார். அவருடைய முறை முடிந்ததும் எதிரணி நகரும். இவை இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று.

மலையில் மூவர்

இக்கதையின் நாயகன் மார்த். அல்டியா நாட்டின் இளவரசனான அவன், நாட்டை இழந்து டாலிஸ் என்னும் தீவில் அடைக்கலம் புகுகிறான். பின்னர்ச் சிறு படையுடன் நாட்டை மீட்கப் புறப்படுகிறான். டாலிஸின் இளவரசி ஷீடா, பறக்கும் குதிரையில் ஏறி அவனுடன் வருகிறாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் அப்படை கொள்ளையர் வாழும் மலைப்பகுதியைக் கடக்க வேண்டியுள்ளது. அங்கே லெனா என்ற பெண் கொள்ளையரிடம் சிக்கியிருக்கிறாள். அவள் மந்திரக்கோலால் காயங்களை ஆற்றுபவள். போர் செய்யத் தெரியாதவள். கொள்ளையருள் ஒருவனான ஜூலியன், அவளுடைய அன்பால் மனம் மாறி அவளைத் தப்பிக்க வைக்கிறான். மூன்றாமவன் நவார். கூலிக்காகக் கொள்ளையர் பக்கம் நிற்கும் சிறந்த வாள்வீரன். முதல் இருவரும் மீட்கப்பட வேண்டியவர்கள். நவாரோ பேசிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவன்.

எதிரிகளை வீழ்த்துவது மட்டும் இப்பணியின் நோக்கம் என்று எண்ணுபவர், இம்மூவருள் ஒருவரையேனும் இழக்க நேரிடும். யாரை வெல்வது என்று தெரிந்தால் மட்டும் போதாது. யாரைத் தாக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இப்பணியைத் திட்டமிடவும் இம்மூன்றும் துணைபுரிகின்றன.

வலி அறிதல்

முதல் வேலை, யாரால் என்ன செய்ய முடியும் என்று கணக்கிடுவது. கொள்ளையருள் பலர் கோடரி ஏந்தியவர்கள். டிஎஸ் பதிப்பில் வாள் கோடரிக்கும், கோடரி ஈட்டிக்கும், ஈட்டி வாளுக்கும் மேலானது. ஆகவே, கோடரிக்காரர் எதிரில் வாளேந்தியவர்களை நிறுத்துவது நன்று. ஷீடாவின் குதிரை மலைகளையும் எளிதாகத் தாண்டும். எனினும், பறப்பவர்களுக்கு அம்பு பெரும் ஆபத்து. வில்லாளி எட்டக்கூடிய கட்டங்களில் அவளை நிறுத்தவே கூடாது.

நவாரின் வாள் தனித்தன்மை கொண்டது. அது பிற வாள்களைவிட அடிக்கடி ‘கடும் அடி’ கொடுக்க வல்லது. அத்தகைய அடி, வழக்கமான அடியைப்போல் மூன்று மடங்கு சேதம் விளைவிக்கும். ஓர் அடியைத் தாங்கி நிற்கலாம் என்று நம்பி முன்னே வைக்கப்பட்ட வீரர், அந்த ஓர் அடியிலேயே வீழ்ந்துவிடலாம்.

இங்கே இன்னொரு கண்ணியும் உள்ளது. ஒருவரை எதிரி தாக்கினால், கையில் தகுந்த ஆயுதம் உள்ளவர் தாமாகவே எதிரடி கொடுப்பார். அதை ஆட்டக்காரரால் இடையில் நிறுத்த முடியாது. படையின் மூத்த வீரர் ஜேகன் தொடக்கத்தில் மிகுந்த வலிமை உடையவர். அவரை நவாரின் பாதையில் நிறுத்தினால், எதிரணியின் முறையில் நவார் அவரைத் தாக்கக்கூடும்; ஜேகனின் எதிரடியிலேயே அவன் மாண்டும் போகலாம். சேர்த்துக்கொள்ள நினைத்தவனை நம் வலிமையே அழித்துவிடும். எனவே, அவனுடைய எல்லைக்குள் எவரையும் நிறுத்தாமல் இருப்பதே நல்லது. நிறுத்தியே ஆக வேண்டுமானால், தாக்குதலைத் தாங்கக்கூடிய ஒருவரிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டு நிறுத்தலாம். வெறுங்கையர் எதிரடி கொடுப்பதில்லை.

காலம் அறிதல்

மீட்புப் பணியில் பலர் செய்யும் பிழை, மீட்கப்பட வேண்டியவர்களை ஓரிடத்தில் காத்திருக்க வைப்பது. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். இரு தரப்பினருக்கும் இடையே 20 கட்டங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மீட்கச் செல்பவர் சுற்றுக்கு 6 கட்டங்கள் நகர்ந்தால், அருகில் சென்று சேர 4 சுற்றுகள் ஆகும். தப்பி வருபவரும் சுற்றுக்கு 5 கட்டங்கள் எதிர்நோக்கி வந்தால் 2 சுற்றுகளே போதும். பாதி நேரம் மிச்சமாகிறது. துரத்தி வரும் கொள்ளையருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் பாதியாகக் குறைகின்றன.

காலத்தைச் சேமிப்பது என்றால் எல்லாவற்றையும் விரைந்து முடிப்பது என்று பொருளன்று. கொள்ளையர் தலைவனை வீழ்த்தி, மார்த் கோட்டையைக் கைப்பற்றியவுடன் அந்த அத்தியாயம் முடிந்துவிடும். அதற்குள் பேசிச் சேர்க்கப்படாதவன் கைநழுவிப் போவான். ஆகையால் முதலில் மீட்பு, அடுத்துப் பேச்சு, இறுதியில் கோட்டை என்ற வரிசை மாறக் கூடாது.

இடம் அறிதல்

நவாரிடம் யார் வேண்டுமானாலும் பேசிவிட முடியாது. ஷீடாதான் பேச வேண்டும். அதுவும் அவனை ஒட்டிய கட்டத்தில் நின்று பேச வேண்டும். அப்படியானால், அதற்கு முந்தைய சுற்றில் அவள் எங்கே காத்திருப்பது?

நவார் 7 கட்டங்கள் நகர்ந்து, அடுத்த கட்டத்தில் இருப்பவரை வாளால் தாக்க முடியும் என்று கொள்வோம். அவனுடைய தாக்குதல் 8 கட்டங்கள்வரை எட்டும். ஷீடா 8 கட்டங்கள் பறக்கக்கூடியவள் என்றால், ஒன்பதாவது கட்டத்தில் இருந்து புறப்பட்டு அவனை ஒட்டிச் சென்று நிற்க முடியும். எனவே அவள் அவனிடமிருந்து சரியாக 9 கட்டங்கள் தள்ளிக் காத்திருக்க வேண்டும். அங்கே அவன் வாள் அவளை எட்டாது. அவள் சொல் அவனை எட்டும். ஒரு கட்டம் முன்னே போனால் ஆபத்து; ஒரு கட்டம் பின்னே நின்றால் வாய்ப்பு தள்ளிப்போகும். அந்தக் கட்டம் எந்த வில்லாளிக்கும் எட்டாததாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு முடிந்ததும் பணி முடிந்துவிடுவதில்லை. சற்று முன்வரை நவாரின் தோழர்களாக இருந்தவர்கள் இப்போது அவனைச் சூழ்ந்து நிற்கும் எதிரிகள். அவனையும் ஷீடாவையும் காக்க, மற்ற வீரர்கள் அருகிலேயே இருக்க வேண்டும். புதிதாக வந்தவனை வரவேற்பது மட்டும் போதாது. அவனுக்கு அரணாகவும் நிற்க வேண்டும்.

கணக்கும் மனிதமும்

இவ்வளவு பாடுபட்டு ஒருவனைச் சேர்த்துக்கொள்வதால் என்ன பயன்? இரு தரப்பிலும் பத்துப் பத்துப் பேர் உள்ளனர் என்று கொள்வோம். எதிரணியில் ஒருவனை வீழ்த்தினால் நிலைமை பத்துக்கு ஒன்பது. அவனையே நம் பக்கம் சேர்த்துக்கொண்டால் பதினொன்றுக்கு ஒன்பது. வாள் ஒன்றைக் குறைக்கிறது. சொல்லோ அங்கே ஒன்றைக் குறைத்து இங்கே ஒன்றைக் கூட்டுகிறது.

ஆனால், இவ்விளையாட்டு இன்றளவும் பேசப்படுவதற்கு இந்தக் கணக்கு மட்டும் காரணமன்று. இதற்கு முந்தைய அத்தியாயத்தில் காஸ்டர் என்ற வில்லாளி எதிரணியில் நிற்கிறான். நோயுற்ற தாய்க்குப் பணம் தேடி அங்கே வந்தவன் அவன். அவனிடமும் ஷீடாதான் பேச வேண்டும். அம்புக்கு அஞ்ச வேண்டிய அவளே வில்லேந்தியவன் அருகில் செல்ல வேண்டியிருக்கிறது. எதிரே நிற்பவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று கேட்பதற்கு வாள் வீசுவதைவிட அதிகத் துணிவு தேவை என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

1990ஆம் ஆண்டுப் பதிப்பில், வீழ்ந்தவர் பொதுவாகத் திரும்ப வருவதில்லை. 2010ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த பதிப்பில், வீழ்ந்தவர் அடுத்த அத்தியாயத்தில் மீண்டும் வரும் எளிய முறை ஒன்று சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில், நடந்த நகர்வுகளைப் பின்னோக்கித் திருப்பும் வசதியும் உண்டு. புதிய ஆட்டக்காரர்கள் மனந்தளராமல் விளையாட இவை உதவுகின்றன. எனினும், அந்த வசதியை நாடாமல் பழைய முறையிலேயே விளையாட விரும்புபவர்களும் இருக்கிறார்கள். மாற்ற முடியாத முடிவு என்று தெரிந்தால்தான் சிந்தனை கூர்மையாகிறது என்பது அவர்கள் எண்ணம்.

வாழ்க்கையில் நகர்வைத் திருப்பும் பொத்தான் இல்லை. பள்ளியில் ஒருவர் எதிரணியில் சேர்ந்து நிற்கலாம். குழுவில் மாற்றுக் கருத்துச் சொல்லலாம். அவரை உடனே பகைவர் என்று முடிவு கட்டுவது எளிது. அவரிடம் யார் பேசினால் கேட்பார், எப்போது பேசலாம், எங்கே நின்று பேசலாம் என்று எண்ணிப் பார்ப்பது கடினம். அந்தக் கடினமான வழியில்தான் ஒரு நவார் நண்பனாகிறான்.

சிந்தித்து விடையளி

1. ஜேகனை நவாரின் பாதையில் நிறுத்துவது ஏன் தவறாக முடியலாம்?

2. மீட்பு, பேச்சு, கோட்டை என்ற வரிசை மாறினால் ஏற்படும் இழப்பு யாது?

3. ஷீடா ஒன்பதாவது கட்டத்தில் காத்திருக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை வரைபடம் வரைந்து விளக்குக.

4. ‘அங்கே அவன் வாள் அவளை எட்டாது, அவள் சொல் அவனை எட்டும்’ என்னும் தொடரின் உட்கருத்தை எழுதுக.

5. நகர்வுகளைத் திருப்பும் வசதி, ஆட்டக்காரரின் சிந்தனையை வளர்க்குமா, மழுங்கச் செய்யுமா? உன் கருத்தைக் காரணங்களுடன் நிறுவுக.