முயலுக்கு மரத்தழை: ஒரு பாதி விடையிலிருந்து பிறந்த பாடம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முயல் பாடம் வரும்போது பல் வாய்பாட்டையும் டயாஸ்டீமாவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுவேன். சென்ற ஆண்டு அது முடியவில்லை.

என் மாணவர் ஒருவரின் வீட்டில் பத்து முயல்கள் வளர்க்கிறார்கள். "கடைத் தீவனம் கட்டுப்படியாகலை சார். வெயில் காலத்துல புல்லும் கிடைக்கலை. வேற என்ன போடலாம்?" என்று கேட்டார். சூபாபுல் தழையில் புரதம் மிகுதி என்று படித்த நினைவில், "சவுண்டல் தழை போடு" என்றேன். சில வாரங்களில் வாடிய முகத்துடன் வந்தார். அந்தத் தழையை மட்டுமே போட்டிருக்கிறார். முயல்களுக்கு முடி கொட்டத் தொடங்கிவிட்டது. நான் சொன்னது பாதி விடை. அதை வகுப்பில் ஒப்புக்கொண்டு, அதையே பாடமாக்கினேன்.

செயல்பாடு 1: ஏன் இப்படி ஆனது?

சூபாபுல் கொழுந்திலும் விதையிலும் மைமோசின் என்னும் நச்சு அமினோ அமிலம் மிகுதி. அது முடி வளர்ச்சியைத் தடுக்கும். "ஆடு தின்னுதே சார்?" என்றார் ஒரு மாணவி. நல்ல கேள்வி. ஆட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் மைமோசினைச் சிதைக்க வல்லவை. முயலுக்கு அந்த அறை இல்லை. அதன் நுண்ணுயிரிகள் சிறுகுடலைத் தாண்டி, சீக்கத்தில்தான் பெருமளவில் உள்ளன. அங்கே போவதற்குள் நச்சு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. முயல் தன் மென்புழுக்கையைத் தானே உண்பது ஏன் என்பதும் மாணவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

செயல்பாடு 2: இலைப் பட்டியல்

குழுக்களாக ஊரைச் சுற்றி இலைகளைச் சேகரித்து இரு பட்டியல்கள் தயாரித்தனர். தரத்தக்கவை: அகத்தி, மல்பெரி, முருங்கை, கல்யாண முருங்கை. தரக் கூடாதவை: அரளி, ஆமணக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி. பெயர் தெரியாத இலை எதையும் போடக் கூடாது என்பது மாணவர்களே சேர்த்த விதி. நச்சு இலைகளைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

செயல்பாடு 3: கணக்கு

ஒரு முயலுக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அடர்தீவனம் எனக் கொண்டால், பத்து முயல்களுக்கு 30 நாளில் 36 கிலோ. கால் பங்கைக் குறைத்தால் 9 கிலோ மிச்சம். உள்ளூர் விலையால் பெருக்கினால் சேமிப்புத் தொகை கிடைக்கும். ஈடாக எவ்வளவு தழை வேண்டும்? அடர்தீவனத்தில் உலர்பொருள் 90%, தழையில் 25% எனக் கொண்டால், 30 கிராம் தீவனத்தில் 27 கிராம் உலர்பொருள். அதைப் பெற 108 கிராம் தழை தேவை. எடைக்கு எடை மாற்றினால் முயல் பட்டினி கிடக்கும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தனர்.

கடைப்பிடிக்க வேண்டியவை

புதிய தழையை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஈரத் தழையை நிழலில் வாடவிட்டுத் தர வேண்டும். ஒரே மரத்தை நம்பாமல் கலந்து தர வேண்டும். மீந்த தழையை அன்றே அகற்ற வேண்டும்.

கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி சூபாபுல் நிறுத்தப்பட்டது. முயல்களுக்கு முடி மீண்டும் வளர்ந்தது. இப்போது அந்த மாணவரின் வீட்டு வேலியோரம் அகத்தியும் மல்பெரியும் நிற்கின்றன. நம் சொல்லை நம்பி ஒரு குடும்பம் செயல்படுகிறது. 'எவ்வளவு?', 'எதனுடன்?', 'யாருக்கு ஆகாது?' என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொன்ன பிறகே நம் விடை முழுமையாகும்.