கடையை ஊரறியச் செய்தல்

நுழையுமுன்

பொருளை ஆக்குவது ஒரு திறன். ஆக்கிய பொருளைப் பிறர் அறியச் செய்வது மற்றொரு திறன். சிறு கடைகளும் வீட்டுத் தொழில்களும் இணையத்தின் வழியே தம்மை அறிவிக்கும் முறையையும், அவ்வறிவிப்பில் காக்க வேண்டிய நேர்மையையும் இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

விளம்பரம் தமிழர்க்குப் புதிதன்று. மதுரைக் கடைத்தெருவில் பல்வகைக் கொடிகள் பறந்த காட்சியை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. அவற்றுள் சில, இன்ன பொருள் இங்கே கிடைக்கும் என்று தொலைவில் வருவோர்க்கும் அறிவித்தன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பழிக்கு அஞ்சி, நடுவுநிலை பிறழாமல் வாணிகம் செய்தனர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. கொடி கண்ணுக்குத் தெரிந்தது. நேர்மை வாங்கியவரின் வாய்ச்சொல்லால் பரவியது. இன்று கொடியின் இடத்தையும் வாய்ச்சொல்லின் இடத்தையும் கைப்பேசித் திரை பெற்றுள்ளது.

மும்பையின் தாராவிப் பகுதியில் தமிழர் பலர் வாழ்கின்றனர். தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து சென்று குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களுள் உளர். அங்கே ஒரு சிறு வீட்டில் வாழும் தாய் ஒருவர், கைமுறுக்கு சுற்றி விற்று வந்தார். அரிசி மாவும் உளுத்தம் மாவும் எள்ளும் கலந்து பிசைந்து, விரல்களால் முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்றும் அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். அக்கம்பக்கத்தார் வாங்கினர். ஆயினும், இரண்டு தெரு தள்ளி வாழ்ந்தவர்க்கு அவரைத் தெரியாது.

எட்டாம் வகுப்புப் பயிலும் அவர் மகள், கூகுள் நிறுவனம் வணிகர்க்குக் கட்டணமின்றி அளிக்கும் வணிகப் பக்கத்தில் தாயின் பெயரால் பதிவு செய்ய உதவினாள். கடைப்பெயர், தொழில் வகை, நேரம், தொலைபேசி எண், ஒளிப்படங்கள் ஆகியவற்றை அதில் நிரப்பினர். பதிவு செய்தவர் உண்மையான உரிமையாளரே என்பதை உறுதிசெய்த பின்னரே அப்பக்கம் வரைபடத்தில் தோன்றியது. வீட்டு முகவரியை எல்லாரும் காண வேண்டாம் என எண்ணி, முகவரியை மறைத்துப் பொருள் கொண்டு சேர்க்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிட்டனர். வீட்டிலிருந்தே தொழில் செய்வோர்க்கு இவ்வசதி பெரும் பாதுகாப்பாகும்.

ஒருவர் கைப்பேசியில் ‘முறுக்கு’ என்று தேடும்போது எந்தக் கடை முதலில் தோன்றும்? தேடிய சொல்லுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், இடையிலுள்ள தொலைவு, மக்களிடையே கடைக்குள்ள அறிமுகம் ஆகிய மூன்றும் அதனை முடிவு செய்கின்றன. விளம்பரத்திற்குப் பணம் செலுத்தினால் ‘விளம்பரம்’ என்ற குறியோடு தனியே தோன்றலாம். இயல்பான வரிசையில் உள்ள இடத்தைப் பணத்தால் பெற இயலாது. எனவே சிறு கடைக்கும் அங்கே இடமுண்டு.

மகள் முதலில், “மும்பையிலேயே தலைசிறந்த முறுக்கு” என்று எழுதினாள்.

“மும்பையில் உள்ள முறுக்கை எல்லாம் யாரம்மா தின்று பார்த்தது?” என்று தாய் கேட்டார்.

அவ்வரி நீக்கப்பட்டது. “கையால் சுற்றியது, கடலை எண்ணெயில் சுட்டது, முதல் நாள் சொன்னால் மறுநாள் கிடைக்கும்” என்று தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதினாள். சிறப்பு என்ற சொல்லைவிட, என்ன பொருள், எப்போது கிடைக்கும் என்னும் செய்தியே வாங்குவோர்க்குப் பயன்பட்டது. வணிகர்க்கென 2018ஆம் ஆண்டு வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பலகாரங்களின் படங்களையும் விலைகளையும் பட்டியலாக அமைத்தாள். மாட்டுங்காவிலிருந்தும் ஆணைகள் வரத் தொடங்கின.

ஆடி மாதத்து அடைமழையில் ஒரு நாள், கடையின் பக்கத்தில் ஒற்றை விண்மீனோடு இந்தியில் ஒரு கருத்துரை வந்தது. தாய்க்கு இந்தி படிக்கத் தெரியாது. மகள் படித்தாள். பொருள் விளங்கியது, ஆனால் அதற்குரிய தமிழ்ச்சொல் நினைவுக்கு வரவில்லை.

“முறுக்கு மொறுமொறுப்பாக இல்லையாம், ஈரக்காற்று பட்டது போல் இருந்ததாம்” என்று தயங்கிச் சொன்னாள்.

“நமத்துப்போய்விட்டது என்று சொல்” என்றார் தாய். அவர் முகம் வாடியது.

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதங்களே இருந்தன. ஆண்டு முழுவதும் விற்பதைவிட அந்நாள்களில்தான் மிகுதியாக விற்கும். பள்ளிக் கட்டணமும் அவ்வருவாயை நம்பியே இருந்தது. அதுவரை வந்திருந்த கருத்துரைகள் நான்கே. ஐந்தாவது இவ்வாறு அமைந்ததால் கடையின் மதிப்பெண் சட்டெனக் குறைந்தது.

“அம்மா, என் தோழியர் பத்துப் பேரிடம் சொல்கிறேன். ஆளுக்கொரு நல்ல கருத்துரை எழுதினால் இது கீழே போய்விடும்.”

“அவர்கள் நம் முறுக்கைத் தின்றிருக்கிறார்களா?”

“இல்லை.”

“தின்னாதவர் சொல்லும் சுவையை நம்பி ஒருவர் காசு கொடுப்பார். அது நாம் அவர் பையிலிருந்து எடுத்ததற்குச் சமம். வேண்டாமம்மா.”

தாய் சொன்னது அறம் மட்டுமன்று, சட்டமும் அதுவே. விற்பவர் தம்மை வாங்கியவர் போலக் காட்டிக்கொண்டு கருத்துரை இடுவதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடை செய்கின்றன. பொய்க் கருத்துரைகளைக் கூகுள் நிறுவனமும் நீக்குகிறது.

அன்று மாலை தாயும் மகளும் எஞ்சியிருந்த பொதிகளைப் பிரித்துப் பார்த்தனர். மெல்லிய உறையை இரப்பர் வளையத்தால் கட்டியிருந்தனர். கோடையில் அது போதுமானதாக இருந்தது; மழைக்காலக் காற்றில் ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. பிழை சுட்டியவர் பகைவர் அல்லர் என்பது விளங்கியது. தடித்த உறைகளும், அவற்றின் வாயைச் சூடேற்றி ஒட்டும் சிறு கருவியும் வாங்கினர். பின்னர் மகள் இந்தியில் இவ்வாறு மறுமொழி எழுதினாள்: “தங்களுக்குக் கிடைத்த முறுக்கு நமத்துப்போயிருந்ததற்கு வருந்துகிறோம். உறையில் ஈரம் புகுந்ததே காரணம். உறையை மாற்றிவிட்டோம். புதிய பொதி ஒன்றை விலையின்றி அனுப்ப விரும்புகிறோம்.”

அவர் பொதியைப் பெற்றுக்கொண்டார். ஒற்றை விண்மீனை மாற்றவில்லை. மாற்றுமாறு அவரிடம் இவர்கள் கேட்கவுமில்லை. ஆயினும் புரட்டாசியில், முன்பின் அறியாத ஒருவர் பத்துப் பொதிகளுக்கு ஆணையிட்டார். “நீங்கள் எழுதிய மறுமொழியைப் படித்தேன்” என்றார் அவர். மகள் அன்று இரவு முறுக்கு மாவு பிசையத் தானும் உட்கார்ந்தாள்.

தெரிந்து தெளிக

• உணவுப் பொருள் விற்போர் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவோ உரிமமோ பெறுதல் வேண்டும். பொதியின் மேல் காணப்படும் 14 இலக்க எண் அதனைக் காட்டும்.
• யுபிஐ வழிப் பணப் பரிமாற்றம் 2016ஆம் ஆண்டு அறிமுகமானது. பணம் அனுப்புவதற்கே கடவு எண் தேவை; பணம் பெறுவதற்குத் தேவையில்லை. ‘பணம் பெறக் கடவு எண்ணை இடுக’ என்று கேட்பவர் ஏமாற்றுபவர்.

சொல்லும் பொருளும்

நமத்தல் – ஈரம் பட்டு மொறுமொறுப்பு இழத்தல்
அடைமழை – விடாது பெய்யும் மழை
ஆணை – (இங்கு) பொருள் வேண்டும் எனக் கோருதல்
கருத்துரை – பொருளைப் பற்றி வாங்கியவர் எழுதும் கருத்து
நடுவுநிலை – ஒருபால் சாராத நேர்மை

பயிற்சிகள்

1. தேடலில் ஒரு கடை தோன்றும் வரிசையை முடிவு செய்யும் மூன்று கூறுகள் யாவை?
2. ‘தலைசிறந்த முறுக்கு’ என்ற வரி ஏன் நீக்கப்பட்டது?
3. முறுக்கு நமத்துப்போனதற்குக் காரணம் யாது? அதனை எவ்வாறு கண்டறிந்தனர்?
4. வாங்கியவர் விண்மீனை மாற்றாதபோதும் மறுமொழி பயன் தந்தது எங்ஙனம்? விளக்குக.
5. உம் பகுதியில் உள்ள ஒரு சிறு கடைக்கு நான்கு வரிகளில் அறிவிப்பு எழுதுக. மிகைச் சொல் எதுவும் இடம்பெறலாகாது.
6. பலகாரங்களின் சுவையையும் பதத்தையும் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் ஐந்தனை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றுக்கு நீர் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் சொற்களையும் அருகில் எழுதுக.