கனிமரம் நடுதற்குரிய நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருளெனத் தொல்காப்பியனார் வகுத்தனர். வள்ளுவனாரோ காலமறிதலைத் தம் நூலின் 49-ஆம் அதிகாரமாகவும், இடனறிதலை அதனையடுத்த 50-ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். அகவொழுக்கத்திற்கும் அரசியலுக்கும் வேண்டப்படும் இவ்விரண்டும், வீட்டுத் தோட்டத்தில் ஒரு மாங்கன்று நடுவார்க்கும் வேண்டுவனவே. ஆயின் மரம் நடுவோன் இவற்றுள் முன்னர் எண்ணற்பாலது யாது? தொல்காப்பியனார் வரிசைப்படி நிலமே என்பது எமது துணிபு. பொழுது தவறின் கன்றொன்று வாடும். அடுத்த மழைக்கு வேறொன்று நடலாம். இடந் தவறினோ, பல்லாண்டு நீர்வார்த்து வளர்த்த கையே கோடரியையும் எடுக்க நேரும்.

இதனை யாம் ஏட்டிற் கற்றிலேம். எம் வீட்டுக் கொல்லையில், மதிலினின்று 4 அடி தொலைவில், எம் பாட்டனார் ஓர் ஒட்டு மாங்கன்று நட்டனர். காலமும் எருவும் தவறாது செய்த நடவுதான். மரமும் செழித்தது, இனிய கனிகளும் ஈந்தது. ஆயின் கிளைகள் அயலார் கூரைமேற் படர்ந்தன, மதிலும் பிளந்தது. நிறையக் காய்க்குங் காலத்தில் அதனை வெட்டவேண்டியதாயிற்று. அன்று முழுதும் பாட்டனார் திண்ணையை விட்டு எழுந்திலர்.

ஆதலின், கையிலுள்ள கன்றின் அளவை நோக்காது, நாளை அஃது அடையப்போகும் அளவை நோக்கி இடந் தெரிதல் வேண்டும். மாவுக்கும் பலாவுக்கும் மரத்திற்கு மரம் 25 முதல் 30 அடி இடைவெளி வேண்டும். சப்போட்டாவிற்கு 25 அடி. கொய்யாவிற்கும் எலுமிச்சைக்கும் 15 முதல் 18 அடி. மாதுளைக்கு 8 முதல் 10 அடி. பப்பாளிக்கு 6 அடி. சுவருக்கும் மரத்திற்கும் இடையே இவற்றிற் பாதியேனும் விடுதல் நன்று. சிறிய கொல்லையுடையார் மாவினை விழையாது, எலுமிச்சையும் மாதுளையும் பப்பாளியும் வைத்துப் பயன்பெறுவாராக.

இரண்டாவது நோக்கற்பாலது வெயில். ஐப்பசி முதல் மாசி வரை கதிரவன் தென்பாற் சாய்ந்து செல்லுதலின், வீட்டின் நிழல் வடபுறத்தே விழும். அங்குள்ள குறுகிய இடத்திற் கனிமரம் நன்கு காய்ப்பதரிது. பெருமரங்களை வடக்கினும் மேற்கினும், சிறுமரங்களைத் தெற்கினும் கிழக்கினும் வைப்பின், ஒன்றன் நிழல் மற்றொன்றைக் கெடுப்பது குறையும். மாலை வெயிலின் வெம்மையும் வீட்டினுட் புகாது.

மூன்றாவது நீர். பப்பாளியும் பலாவும் தேங்கிய நீரைப் பொறா. வேர் அழுகி மடியும். ஆகவே, நடுமுன் குழியில் நீர் நிரப்பிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும் நீர் வற்றாதிருப்பின், அவ்விடத்தை விடுதல் வேண்டும். அன்றேல் மண்ணை மேடாக உயர்த்தி நடுதல் வேண்டும். கிணற்றடியிலும் அடுக்களை நீர் செல்லும் வழியிலும் வாழையே ஏற்றது.

இனிப் பொழுதினைக் கூறுவாம். மா, பலா, சப்போட்டாவிற்கு 3 அடி நீளமும் அகலமும் ஆழமுமுள்ள குழியும், எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் 2 முதல் 2½ அடிக் குழியும், பப்பாளிக்கு 1½ அடிக் குழியும் போதும். வைகாசியில் தோண்டிச் சில வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. தென்மேற்குப் பருவமழை மிகும் மலைச்சாரற் பகுதிகளில் ஆனி, ஆடியில் நடலாம். வடகிழக்கு மழையையே நம்பியிருக்கும் பகுதிகளில் ஆவணி, புரட்டாசி தக்கன. ஐப்பசி அடைமழைக்குமுன் வேர் ஊன்றிவிடும். மழைநீர் நிற்கும் தாழ்நிலத்தில் மழை ஓய்ந்த தைத் திங்களே சிறந்தது. ஆயின் கோடை முழுதும் நீர்வார்த்தல் வேண்டும். பங்குனியும் சித்திரையும் விலக்கற்பாலன.

நாளினுள்ளும் மாலைப்பொழுதே கன்றுக்கு இனிது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்க நட்டு, காற்றில் ஆடாதபடி கோலொன்று நாட்டிக் கட்டுக. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பனவற்றைக் கிள்ளிவிடுக. விடுத்தால் அவையே ஓங்கி, விரும்பிய மரம் தேய்ந்துபோம். ஒட்டு மாவில் முதல் மூன்றாண்டுகளிற் பூப்பனவற்றையும் கிள்ளுதல் நன்று. அப்பொழுதுதான் மரம் வலுப்பெறும்.

சென்ற ஆவணியில் எம் கொல்லையில் எலுமிச்சங் கன்றொன்று நட்டனம். மதிலினின்று 9 அடி எனக் கயிறு பிடித்து அளந்தவர் எம் பாட்டனாரே. ஒருமுறை அளந்தும் அமையாது, மறுமுறையும் அளந்த பின்னரே மண்வெட்டியை எம் கையிற் கொடுத்தனர்.