முன்பின் தெரியாத பையருக்கு முதல் மெயில்

கரூரில் தறி போட்டு ஏற்றுமதிக்கு ஆசைப்படும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "ஐநூறு பேருக்கு மெயில் போட்டோம், ஒருத்தரும் பதில் போடலை." அந்த மெயிலைக் காட்டச் சொல்லிப் பார். "டியர் சார் ஆர் மேடம், வி ஆர் ஒன் ஆஃப் தி லீடிங் மேனுஃபேக்சரர்ஸ் அண்ட் எக்ஸ்போர்ட்டர்ஸ்" என்று தொடங்கும். பெட் லினன், டேபிள் லினன், கிச்சன் லினன், கர்ட்டன், குஷன் கவர் என்று கடை விரிக்கும். "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்" என்று கும்பிடு போட்டு முடியும். வாலில் ஒரு பெரிய கேட்லாக் தொங்கும். கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டால், அது பானிபட்டில் இருந்து வந்ததா, துருக்கியின் தெனிஸ்லியில் இருந்து வந்ததா, நம்ம வெண்ணெய்மலையில் இருந்து வந்ததா என்று எழுதினவருக்கே தெரியாது.

மெர்ச்சண்டைசராகப் பல வருஷம் குப்பை கொட்டியவள் சொல்கிறேன், கேட்டுக்கோ தங்கச்சி. முதல் மெயிலில் ஆர்டர் வராது. "சரி, அனுப்பு, பார்க்கிறேன்" என்று ஒரு வரி வந்தால் அந்த மெயில் பாஸ். அந்த ஒரு வரிக்காக மட்டும் எழுது.

எழுதுவதற்கு முன்னால் படி

நேரம் முழுக்க இங்கேதான் போக வேண்டும். பையரின் வெப்சைட்டைத் திறந்து, உன் சரக்குக்குப் பக்கத்தில் வரும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கோ. கிச்சன் டவல் என்றே வைத்துக்கொள்வோம். அளவு, பருத்தி எத்தனை சதவீதம், எந்த நெசவு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதை எல்லாரும் பார்ப்பார்கள். நீ இன்னும் கீழே இறங்கி, ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் கொடுத்தவர்கள் எழுதியதைப் படி. "துவைத்ததும் சுருங்கிவிட்டது", "சாயம் போகிறது", "புது டவல் தண்ணீரை இழுக்கவே இல்லை" என்று கொட்டித் தீர்த்திருப்பார்கள். அந்தப் புகாரெல்லாம் பையரின் மேஜைக்கும் போயிருக்கும். அதில் எதற்காவது உன் தறியிலோ பிராசஸிங்கிலோ பதில் இருந்தால், மெயிலின் முதல் வரி உனக்குக் கிடைத்துவிட்டது.

அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும் சரக்கின் இறக்குமதிப் பதிவுகள் பொதுவில் கிடைக்கும். இம்போர்ட்யெட்டி போன்ற தளத்தில் கம்பெனிப் பெயரைப் போட்டால், அவர்கள் எந்த நாட்டில், எந்த சப்ளையரிடம் எடுக்கிறார்கள் என்பது ஓரளவு தெரியும். பெயரை மறைக்கச் சொல்லி வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு, அதனால் தேடியது இல்லை என்றால் விட்டுவிடு. ஏற்கெனவே இந்தியாவில் வாங்குகிறவரிடம் "இந்தியாவின் பருத்திப் பாரம்பரியம்" என்று பாடம் நடத்தாமல் இருக்க இது உதவும்.

அடுத்து, ஆள் யார் என்று பார். 'இன்ஃபோ' என்று தொடங்கும் முகவரிக்கு அனுப்புவது கிணற்றில் போட்ட கல். லிங்க்ட்இன்னில் அந்தக் கம்பெனியின் ஹோம் டெக்ஸ்டைல் பையரையோ சோர்சிங் மேனேஜரையோ தேடு. பெயரை எழுத்துப் பிசகாமல் எழுது. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் மிஸ்டர், மிஸ் எதுவும் வேண்டாம், முழுப்பெயர் போதும்.

மெயில் எப்படி இருக்கும்?

ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், சங்கதி இவ்வளவுதான்:

சப்ஜெக்ட்: 50×70 வாஃபிள் கிச்சன் டவல், முதல் நாளே ஈரம் இழுக்கும் துணி

"ஹலோ (பெயர்), உங்கள் கோடு போட்ட வாஃபிள் டவல் பக்கத்தைப் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது தண்ணீரை இழுக்கவில்லை என்று சில வாடிக்கையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஃபினிஷிங்கில் சேர்க்கும் சிலிக்கான் சாஃப்ட்னர் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நாங்கள் கரூரில் அதே அளவு வாஃபிள் டவலை சாஃப்ட்னர் சேர்க்காமல், துவைத்து முடித்துத் தருகிறோம். ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்சம் 500 டவல். உள்ளங்கை அளவில் ஒரு ஸ்வாட்ச் அனுப்பட்டுமா?"

கீழே உன் பெயர், கம்பெனி, முழு விலாசம், போன் நம்பர், இனி மெயில் வேண்டாம் என்றால் சொல்லச் சொல்லி ஒரு வரி. அவ்வளவே.

"காரணமாக இருக்கலாம்" என்று எழுதியிருப்பதைக் கவனி. அவர்கள் துணியை நீ கையில் தொட்டுப் பார்க்கவில்லை, அடித்துப் பேசக் கூடாது. உன் துணியைப் பற்றிச் சொல்வதை மட்டும் சோதித்துவிட்டுச் சொல். டவலை விரித்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு. சொட்டு உருண்டையாக நின்று மினுக்கினால் அந்த மெயிலை அனுப்பாதே, முதலில் பிராசஸிங் யூனிட்டுக்குப் போ. உடனே உறிஞ்சினால், அதை போனில் சின்ன வீடியோவாக எடுத்து வை. பதில் வந்ததும் அனுப்ப உதவும்.

கேட்பதும் சின்னதாக இருக்கட்டும். "உங்களோடு நீண்டகால வியாபார உறவை எதிர்நோக்குகிறோம்" என்றால் அவர் என்னதான் செய்வார்? "ஸ்வாட்ச் அனுப்பட்டுமா?" என்றால் விலாசத்தைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்வாட்சுக்கான கூரியர் செலவு உன்னுடையது. முழு சாம்பிளுக்குக் காசு கேட்பது தப்பில்லை.

விலையை முதல் மெயிலிலேயே சொல்லலாமா என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கட்சி உண்டு. நான் வேண்டாம் என்கிற கட்சி. ஜி.எஸ்.எம்., நிறம், பேக்கிங், எத்தனை பீஸ் என்று எதுவும் தெரியாமல் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று ஒரு விலை சொன்னால், பிறகு அதில் இருந்து கீழே இறங்கத்தான் முடியும், மேலே ஏற முடியாது. ஆனால் குறைந்தபட்ச அளவை மறைக்காதே. நூறு டவல் வேண்டும் என்கிறவரும் கன்டெய்னர் கணக்கில் எடுக்கிறவரும் அந்த ஒரு வரியைப் பார்த்தே முடிவு செய்வார்கள். "சீப் அண்ட் பெஸ்ட்" என்று மட்டும் எழுதித் தொலைக்காதே.

சர்டிஃபிகேட் விஷயத்தில் ரொம்ப உஷாராக இரு. நூல் வாங்கும் மில்லுக்கு ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சர்டிஃபிகேட் இருந்தால், உனக்கும் இருக்கிறது என்று ஆகாது. ஓகோ-டெக்ஸ், காட்ஸ் இரண்டையுமே பையர் உட்கார்ந்த இடத்தில் ஆன்லைனில் சரிபார்த்துவிடுவார். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதுவதும், ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்துவிட்டு "எங்கள் சொந்த ஃபேக்டரி" என்பதும் இந்த ரகம்தான். வெளியே கொடுத்துச் செய்வது கேவலம் இல்லை, அப்படியே எழுது.

மெயில் ஸ்பாமில் விழாமல் இருக்க

ஜிமெயில் முகவரியில் இருந்து ஏற்றுமதி மெயில் அனுப்பாதே. கம்பெனிப் பெயரில் ஒரு டொமைன் வாங்க வருஷத்துக்குப் பெரிய செலவு ஆகாது. வாங்கியதும், வெப்சைட் செய்து கொடுக்கிற பையனிடம் எஸ்.பி.எஃப்., டி.கிம், டி.மார்க் மூன்றையும் போட்டுத் தரச் சொல். இந்த மெயில் உன் பெயரில் வேறு யாரோ அனுப்பியதல்ல, நீ அனுப்பியதுதான் என்று அந்தப் பக்கத்து சர்வருக்குக் காட்டும் அத்தாட்சி அது. 2024 பிப்ரவரியில் இருந்து, ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போலச் சின்ன ஆட்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். புது டொமைனில் இருந்து முதல் நாளே நூற்றுக்கணக்கில் தட்டிவிட்டால் நேராக ஸ்பாமுக்குத்தான் போகும். கேட்லாக்கை இணைக்காதே, சின்ன சைஸில் ஒரு போட்டோ போதும்.

சட்டமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2003-ல் வந்த கேன்-ஸ்பாம் சட்டப்படி, கேட்காதவருக்கும் வியாபார மெயில் அனுப்பலாம். ஆனால் சப்ஜெக்ட் ஏமாற்றுவதாக இருக்கக் கூடாது, உன் தபால் விலாசம் இருக்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி வேண்டும், சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஜெர்மனி அப்படி இல்லை. முன்சம்மதம் இல்லாத விளம்பர மெயிலைக் கம்பெனிக்கு அனுப்புவதும் அங்கே சட்டப்படி தவறு. ஜெர்மன் பையர் வேண்டும் என்றால் ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியிலோ, கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலும் விசைத்தறிக்கான கவுன்சிலான பிடெக்சிலும் நடத்தும் பையர்-செல்லர் சந்திப்பிலோ ஆளைப் பார்த்துப் பேசி, "மெயில் அனுப்பலாமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வா.

எப்போது அனுப்புவது? நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அதற்குக் கொஞ்சம் முன்னால் அனுப்பினால் போதும், ராத்திரி முழிக்க வேண்டியதில்லை. நேரத்தைவிட சீசன் முக்கியம். கிறிஸ்துமஸ் மேஜை விரிப்பைப் பற்றி அக்டோபரில் எழுதினால், அந்தச் சரக்கு அங்கே கடையில் அடுக்கியாகிவிட்டது. ஆகஸ்டில் ஐரோப்பாவில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.

பதில் இல்லையா? ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் விட்டு இன்னொரு தடவை. "ஜஸ்ட் எ ஜென்டில் ரிமைண்டர்" என்று மட்டும் எழுதாமல், ஒவ்வொன்றிலும் புதிதாக ஏதாவது ஒன்று இருக்கட்டும்: அந்தச் சொட்டுத் தண்ணீர் வீடியோ, புதுக் கலர், சுருக்க டெஸ்ட் ரிப்போர்ட். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த சீசன் வரை வாயை மூடிக்கொண்டு இரு. வாட்ஸ்அப்பில் துரத்தாதே.

பதில் வந்துவிட்டால் அன்றைக்கே மறு மெயில் போக வேண்டும். கோட்டேஷன் கணக்குப் போட இரண்டு நாள் ஆகும் என்றால், "வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்" என்று ஒரு வரியாவது எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை அனுப்பு. விலாசம் கொடுத்த பிறகும் ஸ்வாட்ச் அனுப்பாமல் இழுத்தடிக்கும் சப்ளையரிடம் எந்த பையரும் கன்டெய்னர் கொடுக்க மாட்டார்.