சமவெளிக் குடிகளும் வர்ணக் கம்பளிக் கைவேலையும்

மதுரையைச் சூழ்ந்த கிராமங்களில் செம்மறியாடு வைத்திருக்கும் குடித்தனக்காரர் பலர், ஆட்டு உரோமத்தைக் கொண்டு வர்ணப் பொருள்கள் செய்து கே.கே. நகர் முதலிய நகரப் பகுதிகளில் விற்கலாகாதா என்று வினவுகின்றனர். விற்கலாம், ஆயின் நம் கிடையிலுள்ள ஆட்டின் உரோமம் அதற்கு உதவாது. இதனை அறியாது பணத்தை முடக்குவோர் நஷ்டமடைவர்.

ஃபெல்ட் எனப்படும் அழுத்தக் கம்பளி, நூற்காமலும் நெய்யாமலும் உண்டாவது. கம்பளி இழையின் மேல் மீன் செதிள்போன்ற நுண்ணிய செதிள்கள் நுனியை நோக்கிப் படிந்துள்ளன. வெந்நீரும் சவுக்காரமும் பட்ட இழைகளைத் தேய்க்குங்கால் அவை வேர்ப்பக்கமாக நகருமேயன்றித் திரும்பி வரமாட்டா. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டிப்படும். காஷ்மீரத்திலும் இராஜஸ்தானத்து டோங்கு நகரிலும் நம்தா என்னும் விரிப்புகளை இம்முறையிலேயே செய்கின்றனர்.

நம் பக்கத்து இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் ஆடுகள் இறைச்சிக்கும் கிடைக்கும் உரியவை. அவற்றின் உடலில் இருப்பது விறைத்த மயிர். அது சுருண்டு பின்னாது. கோயம்புத்தூர்க் குரும்பையும் திருச்சிக் கறுப்பும் கம்பளி தருவனவேயாயினும் அது முரடானது; தரைவிரிப்புக்கும் கம்பளத்துக்கும் ஏற்கும். மிருதுவான கம்பளிக்கு மலைநாட்டையே நாட வேண்டும். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை கொடைக்கானல் மேல்மலையிலுள்ள மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகளைப் பேணி வருகிறது. நீலகிரி ஆட்டினத்தைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் காத்து வருகிறது. இவ்விடங்களுக்கு எழுதிக் கம்பளி கிடைக்கும் காலத்தை அறிந்துகொள்க. அந்த ஆடுகளையே கீழே கொண்டுவந்து வளர்க்கக் கடன் கேட்பவர்களுக்குக் கிராமாதிகாரிகள் சிபாரிசு செய்யாதிருத்தல் நலம். குளிர்நாட்டு ஆடு மேலூர் வெயிலில் வருந்தும். கருவேல முள்ளும் நெருஞ்சியும் அதன் கம்பளியைக் கெடுக்கும். ஆடு இல்லையே என்று அஞ்சவேண்டுவதில்லை. நேபாளத்துக் காட்மாண்டுவில் இத்தொழில் செய்வோர் நியூஜிலாந்துக் கம்பளியை வருவித்தே உலகமெங்கும் பொருள்களை அனுப்புகின்றனர்.

கடைத்தெருவில் கம்பளி நூல் என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக் இழை. எவ்வளவு தேய்த்தாலும் அது கெட்டிப்படாது. ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். கம்பளி மயிர் தீயும் நாற்றத்துடன் எரிந்து பொடியாகும் கரியைத் தரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

வாங்கிய கம்பளியில் எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்திருக்குமாதலால், கழுவியபின் எடை மிகவும் குறையும். ஒரு கிலோவைக் கழுவி உலர்த்தி நிறுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுக. கழுவுவதற்கு மழைநீரே சிறந்தது. சமவெளிக் கிணறுகள் பலவற்றின் உப்புநீரில் சவுக்காரம் நுரைக்காது. திரிந்து இழையில் அழுக்காக ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது கசக்கலாகாது, கசக்கினால் அப்பொழுதே பின்னத் தொடங்கிவிடும்.

சிக்கெடுத்த கம்பளியைக் கோரைப்பாயின்மேல் மெல்லிய படலமாக ஒரு திக்கில் பரப்பி, அதன்மேல் குறுக்குவாட்டில் மற்றொன்று, இவ்வாறு நான்கு படலம் இடுக. கை பொறுக்கும் சவுக்கார வெந்நீரைத் தெளித்து, வலைத்துணியால் மூடி, முதலில் இலேசாகவும் பின்னர் அழுத்தியும் தேய்க்க வேண்டும். படலங்கள் பற்றிக்கொண்டபின் பாயோடு சுருட்டி, நாற்புறமும் மாற்றி மாற்றி உருட்டுக. கிள்ளி இழுத்தால் தனி இழை எழும்பாதிருப்பதே பதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்குமாதலால், 60 சென்டிமீட்டர் விரிப்பு வேண்டுவோர் 90 சென்டிமீட்டர் பரப்புக.

சாய விஷயத்தில் நம் ஊராருக்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சுங்குடிக்குப் பேர்போன ஊராதலால், பருத்திச் சாயமிடும் வழக்கத்தையே கம்பளிக்கும் கையாளத் தோன்றும். பருத்திச் சாயங்கள் சிலவற்றிற்குக் காரச்சோடா சேர்ப்பதுண்டு. கொதிக்கும் காரச்சோடா நீர் கம்பளியைக் கரைத்தே விடும். கம்பளிக்குரிய சாயம் புளிப்பில் ஏறுவது. ஆகவே காடி சேர்த்து மெல்லெனச் சூடாக்கி, தொட்டியிலேயே ஆறவிடுக. இயற்கைச் சாயம் விரும்புவோர் படிகாரத்தில் ஊறவைத்து மஞ்சிட்டியைப் பயன்படுத்தலாம். மஞ்சள் கண்ணுக்கு அழகாயிருப்பினும் வெயிலில் வெளுத்துவிடும். விற்கும் சரக்குக்கு ஆகாது.

இனி விற்பனை. மதுரை வெப்பத்தில் கம்பளி ஆடை வாங்குவார் யார்? சிறு பொருள்களே செல்லும். 2 சென்டிமீட்டர் வர்ண உருண்டை ஒன்றுக்குக் கம்பளி ஏறக்குறைய 1 கிராமே பிடிக்கும். பழகிய கைக்கும் சுமார் ஐந்து நிமிஷமாகும். ஆகவே செலவில் பெரும்பங்கு கூலியே. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலையில்லை என்று விட்டு மலிவாக விற்போர், நேபாளத்துச் சரக்கோடு போட்டியிட்டுத் தோற்பர். அங்கிருந்து வாராத பொருளைச் செய்வதே வழி. கே.கே. நகர், அண்ணா நகர் வீடுகளில் நவராத்திரிக் கொலுவுக்கு வேண்டும் பொம்மைகளும் வாயில் தோரணங்களும், மாட்டுப் பொங்கலுக்குக் காளைக்கு அணியும் சலங்கைப் பட்டியும் நம்மவர் வாங்கக்கூடியவை. பட்டியின் உட்புறம் அழுத்தக் கம்பளி வைத்துத் தைத்தால் கழுத்து உராயாது. இது ஒன்றே உழவர் வீட்டிலும் விலைபோகும் என்பது என் எண்ணம். மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்வோர், மத்திய அரசின் கைவினை அபிவிருத்தி ஆணையர் அலுவலகம் வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். பூம்புகார் விற்பனை நிலையத்தில் மாதிரி காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

விற்காத சரக்கை நன்றாக உலர்த்தி, இறுக மூடிய தகரப் பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை உதறி வெயிலில் காட்டாவிடில் அந்துப்பூச்சி அரித்துவிடும். கத்தரித்த துண்டுகளையும் கழிவையும் எறிய வேண்டாம். தூய கம்பளியில் தழைச்சத்து நூற்றுக்கு 16 பங்கு வரை உண்டு. அது மெதுவாகவே மக்குமாதலால் தென்னையின் வட்டப் பாத்தியில் புதைத்தால் நெடுநாள் பயன் தரும்; ஈரத்தையும் தாங்கி நிற்கும். நாட்டு ஆட்டின் மயிரும் இவ்வொரு காரியத்துக்கு உதவும்.