எவ்வளவு பெரிய உலகம், எவ்வளவு வலிய எதிரி?

கடந்த கோடை விடுமுறையில் என் மகன் 'சிவிலைசேஷன் 6' என்னும் கணினி விளையாட்டை என்னுடன் சேர்ந்து ஆட விரும்பினான். சதுரங்கத்தைப் போல ஒருவர் பின் ஒருவராகக் காய் நகர்த்தும் வியூக விளையாட்டு அது. சிட் மையர் 1991-இல் தொடங்கிய வரிசையில் 2016-இல் வெளிவந்தது. கி.மு. 4000-இல் ஒரு குடியேறிக் குழுவோடும் ஒரு வீரனோடும் தொடங்கி, நகரங்களை எழுப்பி, விண்வெளிக் காலம் வரை ஒரு நாட்டை நடத்திச் செல்ல வேண்டும்.

"பெரிய உலகமாகவே எடுப்போம் அப்பா, கடினமும் உச்சத்திலேயே இருக்கட்டும்" என்றான். இசைந்தேன். அறுபது சுற்றுகளுக்குள் எங்கள் தலைநகரம் பறிபோயிற்று. மறுநாள் அவன் அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. ஆட்டம் தொடங்கியபின் இவ்விரு தேர்வுகளையும் மாற்ற இயலாது என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

கடினநிலைகள் எட்டு. நான்காவதான 'பிரின்ஸ்' நிலையில் இரு தரப்புக்கும் தனிச்சலுகை இல்லை. அதற்குக் கீழே சலுகை நமக்கு, மேலே எதிரிக்கு. உச்சநிலையாகிய 'டீட்டி'யில் கணினியின் அறிவு கூர்மையடைவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கூடுவது அதன் தொடக்க இருப்பே. நமக்கு ஒரு குடியேறிக் குழு என்றால் அதற்கு மூன்று. உற்பத்தியிலும் பொன்னிலும் 80 விழுக்காடு கூடுதல். வங்கிக்காரன் கண்ணுக்கு இது மூலதன வேறுபாடாகவே தெரிகிறது. எனவே அங்கு வெல்ல விரும்புவோர், தொடக்கத்தில் பின்தங்கியிருப்பதைப் பொறுத்துக்கொண்டு, தற்காப்புக்கு முதலில் செலவிடப் பழகவேண்டும். நாங்களோ படையே இல்லாமல் கோயில் கட்டிக்கொண்டிருந்தோம்.

வரைபடத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிகச் சிறிய 'டூயல்' உலகம் 44-க்கு 26 அறுகோணக் கட்டங்கள், நாடுகள் இரண்டு. மிகப் பெரிய 'ஹியூஜ்' 106-க்கு 66, நாடுகள் பன்னிரண்டு. வகுத்தால் ஒரு நாட்டின் பங்கு, கடலையும் சேர்த்து, முன்னதில் 572 கட்டங்கள், பின்னதில் 583. பெரிய உலகில் தாராளமாகப் பரவலாம் என்ற எங்கள் எண்ணம் இவ்வளவில் முடிந்தது! இடம் வேண்டுமெனில் உலகைப் பெரிதாக்கிப் பயனில்லை; போட்டியாளரின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

பெரிய உலகம் உண்மையில் கேட்பது நேரத்தை. போரால் வெல்ல ஒவ்வோர் எதிரியின் தலைநகரையும் கைப்பற்றவேண்டும். டூயலில் அது ஒன்று; ஹியூஜில் பதினொன்று. ஒவ்வொரு சுற்றிலும் பதினொரு எதிரிகள் நகர்ந்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். பழைய கணினியில் பிற்பாதி ஆட்டம் பொறுமையைச் சோதிக்கும். மாலையில் ஒரு மணி நேரமே கிடைப்பவர்கள் நான்கு நாடுகள் கொண்ட 'டைனி' உலகை எடுப்பது நன்று.

ஒரு வாரம் கழித்து அவனை மீண்டும் அழைத்து, பிரின்ஸ் நிலையில் டைனி உலகைத் தொடங்கினேன். முதலில் முகம் சுளித்தான். நான்காம் நாள் இரவு எங்கள் விண்கலம் செவ்வாய்க்குப் புறப்பட்டது. இடையில் எதிரிக்கு அஞ்சவேண்டிய தேவையே நேராததால், அடுத்த ஆட்டத்துக்கு ஒரு படி ஏறி 'கிங்' நிலையைத் தேர்ந்திருக்கிறோம். உலகின் அளவை மட்டும் மாற்றவில்லை, பள்ளி திறந்துவிட்டது.