எமுலேட்டர்: சட்டப்படி சரியா, தவறா?



ஒரு விளையாட்டுக் கருவிக்காக எழுதிய வீடியோ கேமை, அந்தக் கருவி இல்லாமலே கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் மென்பொருள்தான் எமுலேட்டர். "அது திருட்டு"ன்னு பலரும் சொல்றாங்க. உண்மையா? பார்ப்போம்.

1999 ஜனவரியில் அமெரிக்காவின் கனெக்டிக்ஸ் நிறுவனம் 'வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன்' என்ற மென்பொருளை வெளியிட்டது. சோனியின் பிளேஸ்டேஷன் கேம்கள் இதன்மூலம் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் ஓடின. சோனி உடனே வழக்குப் போட்டது.

பிளேஸ்டேஷனுக்குள் 'பயாஸ்' என்ற அடிப்படை மென்பொருள் உண்டு. அதை ஆராய்ந்தபோது கனெக்டிக்ஸ் பொறியாளர்கள் பலமுறை காப்பி எடுத்தார்கள். இது பதிப்புரிமை மீறல் என்பது சோனியின் வாதம். கீழ்க்கோர்ட்டு விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனால் 10-2-2000 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

காரணம் என்ன? பதிப்புரிமை, எழுதிய வரிகளைத்தான் காக்கும். அவை செய்யும் வேலையைக் காக்காது. வேலையை அறிய வேறு வழியில்லாமல் எடுத்த காப்பி நியாயமான பயன்பாடே. விற்பனைக்கு வந்த மென்பொருளில் சோனியின் வரிகள் எதுவும் இல்லை.

என் அப்பா மோட்டார் ரீவைண்டிங் வேலை பார்க்கிறார். எந்தக் கம்பெனி மோட்டார் வந்தாலும் பிரித்து, பழைய காயிலின் சுற்றை எண்ணிப் பார்த்துத்தான் புதுசு சுற்றுவார். பிரித்துப் பார்ப்பது திருட்டாகுமா?

அதுக்காக எல்லாமே சரின்னு நினைச்சுடாதீங்க. மூன்றையும் தனித்தனியாப் பார்க்கணும்:

1. கருவி செய்யும் வேலையை நாமே புதிதாக எழுதுவது: இந்தத் தீர்ப்பின்படி தவறில்லை.

2. கேமை அனுமதியில்லாமல் காப்பி எடுத்துப் பரப்புவது: பதிப்புரிமை மீறல்.

3. கேமின் டிஜிட்டல் பூட்டை உடைப்பது: அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தனியே தடுக்கிறது. இதைக் காட்டித்தான் 2024 பிப்ரவரியில் 'யூசு' எமுலேட்டர் மீது நிண்டெண்டோ வழக்குப் போட்டது. மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு மூடப்பட்டது. இது சமரசம்தான், எமுலேட்டரே தவறு என்ற தீர்ப்பு அல்ல.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52-ம் இதற்கு இடம் தருகிறது. தனியாக எழுதிய மென்பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்கத் தேவையான விவரம் வேறு வழியில் எளிதில் கிடைக்காவிட்டால், முறைப்படி கையில் உள்ள மென்பொருளை ஆராய்ந்து அறியலாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். எல்லா மெஷினையும் காசு கொடுத்து வாங்கிப் படிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதனால்தான் இந்த உரிமை நமக்குப் பெரிசு. பிரித்துப் படிப்போம், பிறர் உழைப்பைக் களவாடாமல் நாமே எழுதுவோம்!